டெனோஃபோவிர் மாத்திரையும் தாய்ப்பாலும்: ஏற்காட்டு தங்கச்சிக்கு ஒரு பதில்

ஏற்காட்டுக்கு மேல நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதிருக்காங்க. வயசு 26, வீட்டுக்காரர் காபி எஸ்டேட்ல வேலை, இது ரெண்டாவது பிரசவம், இப்ப 22 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுத்த ரத்தத்துல ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்துருக்கு, சேலம் இறங்கி வந்து வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்ளோ இருக்குங்கற அளவு, பாத்தா 3 கோடியே 40 லட்சம், வைரஸ் வேகமா பெருகுதுன்னு காட்டுற இ ஆன்டிஜென்னும் பாசிட்டிவ், ஈரல் வீக்கத்த காட்டுற எஸ்ஜிபிடி மட்டும் 24, நார்மல். லிவர் டாக்டர் 28 வாரத்துல இருந்து, வைரஸ அடக்குற டெனோஃபோவிர் 300 மாத்திரை தினம் ஒண்ணு போட சொல்லி எழுதி குடுத்துட்டார். மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருந்த பேப்பர பிரிச்சு படிச்சா தாய்ப்பால் குடுக்கக்கூடாதுன்னு போட்டிருக்காம். பக்கத்து வீட்டு அக்கா, மாசமா இருக்கறப்ப இவ்ளோ பவர் மாத்திரை போட்டா புள்ள ஊனமா பொறக்கும்னு சொல்லிட்டாங்களாம். மாமியார் தட்டு டம்ளர் எல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டு, காலைல வெறும் வயித்துல கீழாநெல்லி அரைச்சு குடுக்குறாங்களாம். "மாத்திரைய போட்டாலும் பயமா இருக்கு போடாட்டியும் பயமா இருக்கு மேடம், புள்ளைக்கு பால் குடுக்கலாமா வேணாமான்னு மட்டுமாவது சொல்லுங்க"ன்னு முடிச்சிருக்காங்க.

மொதல்ல பதில சொல்லிடறேம்மா, காரணத்த அப்பறம் பேசுவோம். மாத்திரைய உங்க டாக்டர் சொன்ன 28வது வாரம் தாராளமா ஆரம்பிங்க. பால் கண்டிப்பா குடுங்க, சீம்பால்ல இருந்தே குடுங்க. கீழாநெல்லிய இன்னிக்கே நிறுத்துங்க. தட்டு டம்ளர எல்லாரோடதும் ஒண்ணா கழுவி ஒண்ணா வெச்சுக்கங்க. இது நாலும் உங்க லெட்டர்ல இருக்குற விஷயம். உங்க லெட்டர்ல இல்லாத ஒண்ணுதான் எனக்கு ரொம்ப கவலை, அது குழந்தை பொறந்ததும் வர்ற முதல் 12 மணி நேரம், அதுக்கு பின்னாடி வர்றேன்.

ஹெபடைடிஸ் பி உங்க கிட்ட இருந்து குழந்தைக்கு போறது பெரும்பாலும் பிரசவ நேரத்துலதான், வயித்துக்குள்ள போறது ரொம்ப கம்மி. பொறக்கறப்ப அம்மா ரத்தம் குழந்தை மேல, வாய்ல, கண்ணுல எல்லாம் படும் இல்லையா, அப்பதான். இ ஆன்டிஜென் பாசிட்டிவா இருக்குற அம்மாங்களுக்கு எந்த தடுப்பும் செய்யாம விட்டா 100 குழந்தைல 70ல இருந்து 90 குழந்தைக்கு ஒட்டிக்கும். பெரியவங்களுக்கு புதுசா வந்தா 100ல 95 பேருக்கு மேல உடம்பே அத வெரட்டிடும், ஆனா பச்ச குழந்தைக்கு வந்தா 100ல 90 பேருக்கு அது ஆயுசுக்கும் தங்கிடும், 30 வயசு 40 வயசுல ஈரல் சுருங்குறது, ஈரல் கேன்சர்னு கொண்டு போய் விடும். அதனாலதான் நாங்க இந்த விஷயத்துல இவ்ளோ அடம் புடிக்கிறோம்.

பொறந்த உடனே தடுப்பூசியும், தயாரான எதிர்ப்பு சக்திய நேரா குடுக்குற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டா பத்துல ஒம்பது குழந்தை தப்பிச்சிடும். மிச்சம் இருக்குற அந்த ஒண்ணு பெரும்பாலும் யாரோடதுன்னா, வைரல் லோடு கோடி கணக்குல இருக்குற அம்மாவோடது. 2 லட்சத்துக்கு மேல இருந்தா மாத்திரை வேணும்ங்கறதுதான் உலகம் பூரா வெச்சிருக்குற அளவு, உங்களுக்கு 3 கோடிக்கு மேல இருக்கு, அப்ப ஊசி மட்டும் போதாதும்மா. 2016ல வந்த ஒரு சைனா ஆராய்ச்சில உங்கள மாதிரியே லோடு அதிகமா இருக்குற 200 கர்ப்பிணிங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு மட்டும் இதே மாத்திரைய கடைசி மாசங்கள்ல குடுத்தாங்க, குழந்தைங்க எல்லாருக்கும் ஊசி போட்டாங்க. மாத்திரைய ஒழுங்கா போட்டு கடைசி வரைக்கும் செக்கப்புக்கு வந்த அம்மாங்களோட குழந்தைங்கள்ல ஒண்ணுக்கு கூட வைரஸ் வரல, மாத்திரை போடாத குரூப்ல 100க்கு 7 குழந்தைக்கு வந்துருச்சு. ஒழுங்கா போட்டங்கற வார்த்தைய கவனிங்க, நடுவுல விட்டவங்க, செக்கப்புக்கு வராம போனவங்க எல்லாரையும் சேத்து கணக்கு போட்டா அந்த கணக்கு அவ்ளோ சுத்தமா இல்ல.

இப்ப ஊனம் வரும்ங்கற பேச்சு. குழந்தைக்கு கை கால் இதயம் மூளை எல்லாம் உருவாகறது முதல் 3 மாசத்துல, நீங்க மாத்திரை தொடங்கப்போறது 7வது மாசம், அதுக்குள்ள உருவாக வேண்டியது எல்லாம் உருவாகி முடிஞ்சிருக்கும், இனிமே வளர்றது மட்டும்தான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த டெனோஃபோவிர் புது மாத்திரை இல்ல, 2001ல இருந்து எச்ஐவிக்கு குடுக்குறாங்க, 2008ல இருந்து ஹெபடைடிஸ் பிக்கும் குடுக்குறாங்க. எச்ஐவி இருக்குற அம்மாங்க கர்ப்பம் தொடங்குறதுக்கு முன்னாடி இருந்தே, முதல் 3 மாசத்துலயும் விடாம இத சாப்பிட்டிருக்காங்க, அப்படி ஆயிரக்கணக்கான குழந்தைங்கள கணக்கெடுத்து பாத்ததுல மத்த குழந்தைங்கள விட குறை அதிகமா இல்ல. சாதாரணமா எந்த மாத்திரையும் போடாத அம்மாங்களுக்கு பொறக்குற குழந்தைங்கள்லயே 100க்கு 2, 3 குழந்தைக்கு ஏதாவது ஒரு குறை இருக்கும், அதே அளவுதான் இதுலயும். எலும்புல ஏதாவது பண்ணுமோன்னு ஒரு சந்தேகம் டாக்டருங்களுக்கே இருந்துச்சு, தாய்லாந்துல ஹெபடைடிஸ் பிக்காக இந்த மாத்திரைய போட்ட அம்மாங்களோட குழந்தைங்களுக்கு 1 வயசுல எலும்பு ஸ்கேன் எடுத்தே பாத்துட்டாங்க, வித்தியாசம் இல்ல.

உங்களுக்கு என்ன பண்ணும்னா கொஞ்சம் குமட்டல், வயிறு உப்பசம், முதல் வாரம் பத்து நாளைக்கு இருக்கலாம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் போட்டா பெரும்பாலானவங்களுக்கு தெரியாமலே போயிடும். கிட்னி மேல மட்டும் ஒரு கண்ணு வைக்கணும், அதனால தொடங்குறதுக்கு முன்னாடி கிரியாட்டினின்ங்கற ரத்த டெஸ்ட் ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ பாத்துடுவாங்க. இடுப்பு வலிக்கு கால் வலிக்குன்னு மெடிக்கல்ல நீங்களா கேட்டு வலி மாத்திரை வாங்கி போடாதீங்க, கர்ப்பத்துல அது எப்படியும் ஆகாது, இதோட சேந்தா கிட்னிக்கும் ஆகாது. இரும்பு மாத்திரை, கால்சியம் எல்லாம் வழக்கம் போல போடலாம். எச்ஐவி டெஸ்ட் ரிப்போர்ட் நெகட்டிவ்னு கைல இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்கங்க, செக்கப்ல எப்படியும் எடுத்திருப்பாங்க, ஏன்னா அந்த வியாதியும் இருந்து இந்த ஒத்த மாத்திரைய மட்டும் போட்டா அந்த வைரஸ் மருந்துக்கு பழகிடும்.

கடைல வாங்குறப்ப அட்டைய படிங்க. டெனோஃபோவிர்ல ரெண்டு இருக்கு, டைசோப்ராக்சில்னு போட்ட 300 மில்லிகிராம் ஒண்ணு, அலஃபெனமைடுனு போட்ட 25 மில்லிகிராம் ஒண்ணு. அது இல்ல இது இருக்குன்னு கடைக்காரர் மாத்தி குடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க, டாக்டருக்கு போன் பண்ணுங்க. கர்ப்பத்துல ரொம்ப வருஷம் பழகி பாத்தது 300தான், நான் அதையேதான் எழுதுவேன். காசு குடுத்துதான் வாங்கணும்னும் இல்ல, 2018ல இருந்து தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டம்னு ஒண்ணு ஓடுது, அதுல இந்த டெஸ்டும் மாத்திரையும் இலவசம், குழந்தைக்கு போடுற இம்யூனோகுளோபுலினும் அதுலயே வரும், அடுத்த தடவ சேலம் இறங்குறப்ப ஜி.ஹெச்ல இத பேர் சொல்லி கேளுங்க. இதையே படிக்குற இன்னொரு தங்கச்சி ஏற்கனவே எண்டெகாவிர்ங்கற இன்னொரு ஹெபடைடிஸ் பி மாத்திரைய சாப்பிட்டுட்டு இருந்து இப்ப கர்ப்பம்னு தெரிஞ்சா, நீங்களா நிறுத்தாதீங்க, அந்த வாரமே போய் டெனோஃபோவிருக்கு மாத்திக்கங்க.

28 வாரம்னு ஏன் சொல்றோம்னா வைரஸ் இறங்குறதுக்கு ரெண்டு மாசமாவது வேணும். வளைகாப்பு முடியட்டும், காபி பழம் எடுப்பு முடியட்டும்னு 34, 35 வாரத்துக்கு தள்ளிட்டு, 36ல வலி வந்துட்டா மாத்திரை வேலை செய்ய நேரமே இருக்காது.

அடுத்தது பால். டப்பாக்குள்ள இருந்த பேப்பர்ல அப்படி ஏன் போட்டிருக்குன்னா அந்த மாத்திரை முதல்ல எச்ஐவிக்கு வந்தது, எச்ஐவி பால் வழியா போகும், அதனால அந்த அம்மாங்களுக்கு எழுதுன வரி அது. ஹெபடைடிஸ் பி கதை வேற. தடுப்பூசியே இல்லாத காலத்துல, 1975லயே தைவான்ல பாத்திருக்காங்க, பால் குடிச்ச குழந்தைக்கும் குடிக்காத குழந்தைக்கும் வைரஸ் வந்ததுல வித்தியாசம் இல்ல. இப்ப ஊசி ரெண்டும் போட்டுட்டா கேள்வியே இல்ல, ஊசி போடுற வரைக்கும் பாலுக்கு காத்திருக்கணும்னு கூட இல்ல.

பால்ல மாத்திரை வருமேன்னு கேப்பீங்க. வரும், துளியூண்டு. அந்த டைசோப்ராக்சில்ங்கற வால் எதுக்குன்னா, டெனோஃபோவிர் தனியா போனா குடல் அத உறிஞ்சாது, உறிஞ்ச வைக்கத்தான் அந்த வால ஒட்டி மாத்திரையா பண்றாங்க. உங்க குடல தாண்டி ரத்தத்துக்கு போனதும் அந்த வால் கழண்டுடும், பால்ல வர்றது வால் இல்லாத டெனோஃபோவிர், அது குழந்தை வயித்துக்கு போனாலும் உள்ள ஏறாம பெரும்பாலும் அப்படியே வெளிய போயிடும். குழந்தைங்களுக்கே மருந்தா இத குடுக்குறது உண்டு, அந்த அளவுல 100ல ஒரு பங்கு கூட பால் வழியா போகாது. காம்பு வெடிச்சு ரத்தம் வந்தா மட்டும் அந்த பக்கத்துக்கு ரெண்டு மூணு நாள் லீவு குடுங்க, பால பீச்சி ஊத்திட்டு இன்னொரு பக்கம் குடுங்க, ஆறுனதும் திரும்ப போடுங்க. வெடிக்காம இருக்க குழந்தை வாய் நல்லா தெறந்து கருப்பு வட்டம் உள்ள போற மாதிரி புடிக்கணும், உங்க நர்சம்மாவ பக்கத்துல உக்கார வெச்சு ஒரு தடவ காட்ட சொல்லுங்க. சேனை வைக்கிறேன்னு யாராவது சர்க்கரை தண்ணியோட வந்தா அது வேணாம்னுடுங்க, மாமியார் கோவிச்சுக்குவாங்கன்னா டாக்டர் திட்டுவாங்கன்னு என் மேல போட்டுடுங்க.

சரி, அந்த 12 மணி நேரம்.

நான் படிப்பு முடிச்சு வேலைக்கு சேந்த புதுசு, எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். ஒரு அம்மா ஞாயித்துக்கிழமை ராத்திரி வலியோட வந்தாங்க, சுகப்பிரசவம், ஆண் குழந்தை, எல்லாரும் சந்தோஷம். அவங்க பைல்ல ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட் இருந்துச்சு, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு பின்னாடி நாலா மடிச்சு. நான் பாக்கல, நர்ஸ் பாக்கல, அந்த அம்மாவுக்கு அது முக்கியம்னு யாரும் சொல்லல. செவ்வாக்கிழமை டிஸ்சார்ஜ் எழுதறப்பதான் அந்த பேப்பர் கீழ விழுந்துச்சு. அப்பதான் ஊசி போட்டோம். ஒரு வயசுல அந்த பையனுக்கு டெஸ்ட் பண்ணா பாசிட்டிவ். அன்னிக்கு நான் அந்த பைல முழுசா பிரிச்சு பாத்திருந்தா ஒருவேளை அவன் தப்பிச்சிருப்பான். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

உங்க பைல்ல முதல் பக்கத்துலயே, வெளிய அட்டை மேலயே, சிவப்பு பேனால "ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், குழந்தைக்கு ரெண்டு ஊசி"ன்னு பெருசா எழுதி வைங்க. மகப்பேறு அட்டைலயும் எழுத சொல்லுங்க. தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள்ள எப்படியும் போட்டாகணும், உங்களுக்கு ரெண்டும் 12 மணி நேரத்துக்குள்ள போட்டுடறதுதான் நல்லது, பிரசவ ரூம்லயே போட்டா இன்னும் நிம்மதி. குழந்தை தொடைல ஒட்டிருக்குற உங்க ரத்தத்த நல்லா தொடைச்சு சுத்தம் பண்ணிட்டு, ஒரு தொடைல தடுப்பூசி, இன்னொரு தொடைல இம்யூனோகுளோபுலின், ரெண்டையும் ஒரே தொடைல போட மாட்டாங்க. பச்ச குழந்தைக்கு ரெண்டு ஊசியான்னு பாட்டிங்க பதறுவாங்க, நீங்க பதறாதீங்க. உங்க வீட்டுக்காரர் கிட்ட இப்பவே சொல்லி வைங்க, நீங்க மயக்கத்துல களைப்புல இருப்பீங்க, கேக்க வேண்டியது அவர்தான், "ரெண்டு ஊசியும் போட்டாச்சா, எத்தன மணிக்கு"ன்னு கேட்டு கார்டுல நேரத்தோட எழுதி வாங்கணும்.

தடுப்பூசி எல்லா அரசு ஆஸ்பத்திரிலயும் இருக்கும். இம்யூனோகுளோபுலின் அப்படி இல்ல, சின்ன பாட்டில், விலை ஜாஸ்தி, 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள பிரிட்ஜ்ல வெச்சிருக்கணும், சின்ன எடங்கள்ல ஸ்டாக் இல்லாம இருக்கலாம். அதனால 34 வாரத்துலயே எங்க பிரசவம்னு முடிவு பண்ணி அங்க நேர்ல போய் கேளுங்க, ராத்திரிலயும் ஞாயித்துக்கிழமைலயும் அந்த ஊசி எடுக்க முடியுமா, பிரிட்ஜ் சாவி யார்கிட்டன்னு கூட கேளுங்க, தப்பே இல்ல.

அப்பறம் மலை. 20 கொண்டை ஊசி வளைவையும் வலியோட இறங்குறது ஒரு கஷ்டம்னா, மழை பெருசா வந்து மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சா அது வேற கஷ்டம். உங்க அம்மா வீடு அயோத்தியாப்பட்டணம்னு எழுதிருக்கீங்க, நல்லதா போச்சு, 37 வாரம் தொடங்குனதும் அங்க இறங்கிடுங்க. ஒருவேளை அதுக்கு முன்னாடியே வலி வந்து மெயின் ரோடு அடைச்சிருந்தா கொட்டச்சேடு வழியா குப்பனூர் ரோடு இருக்கு, 108காரங்க கிட்ட அத சொல்லுங்க. எதுவும் முடியாம மேலயே பொறந்துட்டாலும் பயந்து ஒடைஞ்சிடாதீங்க, ஏற்காடு ஜி.ஹெச்ல தடுப்பூசிய உடனே போட்டுட்டு, குழந்தையோட இறங்கி இன்னொரு ஊசிய அன்னிக்கே போட்டுக்கலாம். வீட்டுலயே பெத்துக்கலாம்ங்கற பேச்சுக்கு மட்டும் இந்த தடவ எடம் குடுக்காதீங்க. இந்த வைரஸுக்காக ஆபரேஷன் பண்ணனும்னும் இல்ல, சுகப்பிரசவம் போதும்.

அதுக்கப்பறம் 6, 10, 14 வாரத்துல வழக்கமா போடுற பென்டாவேலன்ட்ங்கற அஞ்சு நோய் தடுப்பூசிலயே ஹெபடைடிஸ் பி இருக்கு, அத தவற விடாதீங்க. 9 மாசம் முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள குழந்தைக்கு ரத்தம் எடுத்து ரெண்டு பாக்கணும், வைரஸ் இருக்கா, எதிர்ப்பு சக்தி வந்துருக்கா. ஆசையா இருக்குன்னு 3 மாசத்துல போய் எடுக்காதீங்க, போட்ட ஊசியே ரிப்போர்ட்ட குழப்பும்.

கீழாநெல்லிய பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா உங்க மாமியார் கெட்ட எண்ணத்துல குடுக்கல. மஞ்சக்காமாலைக்கு கீழாநெல்லிங்கறது நம்ம ஊர்ல பாட்டி காலத்து நம்பிக்கை, அத ஆராய்ச்சி பண்ணி பாத்ததும் நம்ம ஆளுங்கதான். 1988ல சென்னைல இருந்து தியாகராஜன் குழுவும், இந்த வைரஸ கண்டுபிடிச்சு நோபல் பரிசு வாங்குன ப்ளம்பர்க்கும் சேந்து, கீழாநெல்லி சாப்பிட்ட பாதிக்கு மேல பேருக்கு வைரஸ் போயிடுச்சுன்னு லான்செட் பத்திரிகைல எழுதுனாங்க. உலகமே திரும்பி பாத்துச்சு. ஆனா அப்பறம் வேற வேற எடத்துல செஞ்சு பாத்தப்ப அந்த மாதிரி பலன் வரல. கர்ப்பிணிக்கு அது பாதுகாப்புன்னு காட்ட எதுவும் இல்ல. அவங்க கிட்ட சண்ட போடாம, "டாக்டர் மாத்திரை நடக்குறப்ப வேற எதுவும் கலக்கக்கூடாதுன்னுட்டாங்க அத்தை"ன்னு சொல்லிடுங்க. பிரசவ லேகியத்துலயும் என்ன வேர் சேக்குறாங்கன்னு தெரியாம சாப்பிடாதீங்க.

தட்டு விஷயம். இது ரத்தம் மூலமா, உடலுறவு மூலமா, பிரசவத்துல பரவுற வியாதி. ஒண்ணா சாப்பிட்டா, குழந்தைய கொஞ்சுனா, ஒரே டம்ளர்ல காபி குடிச்சா பரவாது. தனியா வைக்க வேண்டியது பிளேடு, ரேசர், நகம் வெட்டி, பல் பிரஷ் இவ்ளோதான். இன்னொன்னு உங்க லெட்டர்ல நேரா எழுதலன்னாலும் வரிக்கு நடுவுல தெரியுது, எப்படி வந்துச்சுன்னு வீட்டுல ஒரு மாதிரி பாக்குறாங்க. நம்ம நாட்டுல இந்த தடுப்பூசி எல்லா குழந்தைக்கும்னு வந்ததே ரொம்ப லேட், தமிழ்நாட்டுல பென்டாவேலன்ட் தொடங்குனது 2011 டிசம்பர்ல. நீங்க பொறந்தப்ப உங்களுக்கு யாரும் போட்டிருக்க மாட்டாங்க. லோடு கோடில இருந்து ஈரல் நார்மலா இருக்குறது பெரும்பாலும் பொறந்தப்பவே வந்ததோட அடையாளம். உங்க நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இந்த பதில உங்க வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டுங்க. அவர் டெஸ்ட் எடுக்கட்டும், நெகட்டிவ்னா 0, 1, 6 மாசம்னு மூணு ஊசி போட்டுக்கட்டும், அது முடியுற வரைக்கும் ஆணுறை. உங்க அம்மாவும் கூடப்பொறந்தவங்களும் கூட பாத்துக்கறது நல்லது.

பிரசவத்துக்கு அப்பறம் உங்கள மறந்துடாதீங்க. குழந்தை பொறந்தாச்சே இனி எதுக்கு மாத்திரைன்னு நீங்களா நிறுத்துனா ஈரல்ல திடீர்னு வீக்கம் வந்து எஸ்ஜிபிடி எகிறலாம், நிறுத்தாதவங்களுக்கே சில பேருக்கு வரும். எப்ப நிறுத்தணும், இல்ல தொடரணுமான்னு லிவர் டாக்டர் சொல்லட்டும், அது வரைக்கும் பால் குடுத்துட்டே மாத்திரையும் போடலாம். அடுத்த 6 மாசத்துக்கு எஸ்ஜிபிடி அப்பப்ப பாக்கணும். கண்ணு மஞ்சளாச்சு, ஒண்ணுக்கு டீ டிகாஷன் நெறத்துல போகுது, சோறே எறங்கல, எந்திரிக்கவே முடியலன்னா புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அன்னிக்கே கீழ வாங்க.

மூத்த பொண்ணு வயித்துல இருந்தப்ப இந்த டெஸ்ட் எடுத்தாங்களான்னே தெரியலன்னு எழுதிருக்கீங்களே, 4 வயசுன்னா இப்பவே பாத்துடலாம். அடுத்த தடவ கிரியாட்டினின் குடுக்க சேலம் வர்றப்ப அவளையும் கூட்டிட்டு வாங்க, அவ தடுப்பூசி கார்டையும் எடுத்துக்கங்க.